மொத்த மார்க் என்னும் பூச்சாண்டி

பிளஸ் ஒன் மார்க்கை விண்ணப்பத்தில் போடணுமா, விட்டுடலாமா என்று பண்ருட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி கேட்டாள். கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் படிக்க ஆசை. பிளஸ் ஒன்னில் மார்க் குறைவு.

அது ஃபெஞ்சல் புயல் அடித்த வருஷம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணை கரை மீறி ஊருக்குள் வந்தது. நோட்டும் புத்தகமும் நனைந்து போன வீட்டிலிருந்துதான் அவள் மார்ச்சில் பரீட்சைக்குப் போனாள். மார்க் ஷீட்டில் வெள்ளத்துக்கு இடமில்லை.

அவளுக்கு நான் சொன்னது: அந்த மார்க்கை யாரும் தரவரிசைக்கு எடுக்க மாட்டார்கள். படிவம் கேட்டால் உள்ளதை எழுது, கேட்கவில்லை என்றால் விட்டுவிடு. தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூவையே நடத்துகின்றன என்பதால்தான் 2017-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு அறிவித்தார்கள். இரண்டையும் கூட்டி 1200-க்கு மார்க் என்பது முதல் திட்டம். 2018 செப்டம்பரில் அதை மாற்றி, மேற்படிப்புக்கு பிளஸ் டூ மட்டும் போதும் என்றார்கள். 2025-26 கல்வியாண்டிலிருந்து அந்தப் பொதுத்தேர்வே இல்லை. இவள் செட்டுதான் கடைசி.

என் கவலை வேறு. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்பது “அறுநூறுக்கு எவ்வளவு?” என்றுதான். பிள்ளை கூசிப்போவதும் அந்த எண்ணைச் சொல்லித்தான். ஆனால் பொறியியல் கலந்தாய்வு அந்த எண்ணைப் பார்ப்பதில்லை. கணக்கு நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது என்று 200-க்குத்தான் கட்-ஆஃப். அரசு கலைக் கல்லூரிகளில் பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க், ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க், மற்றப் படிப்புகளுக்கு மொழிப்பாடம் நீங்கலாக நான்கு பாட மார்க். இந்தப் பெண் தமிழில் நன்றாகவே வாங்கியிருக்கிறாள். மற்றப் பாடங்கள் காலை வாரியதால் மொத்தம் இறங்கிவிட்டது. அந்த மொத்தத்தைப் பார்த்துவிட்டு, “எனக்கெல்லாம் எங்க சீட் கிடைக்கப் போகுது” என்று விண்ணப்பமே போடாமல் இருக்கவும் யோசித்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். அவள்மேல் இல்லை, அவளுக்கு இதைச் சொல்லாமல் விட்ட நம் எல்லார்மேலும்.

மார்க்கைப் பார்த்துத் தயங்குவது இந்தப் பெண் மட்டுமில்லை. சிதம்பரம் அண்ணாமலை நகரில் ஒரு பையன் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறான். அங்கே கொரோனா காலத்தில் பல கல்லூரிகள் எஸ்.ஏ.டி. என்னும் சேர்க்கைத் தேர்வு மார்க்கை விருப்பமிருந்தால் அனுப்பலாம் என்று தளர்த்தின. டார்ட்மத் கல்லூரி 2024 பிப்ரவரியில் மறுபடியும் கட்டாயமாக்கியது. காரணத்தைக் கேட்டால் நெஞ்சு வலிக்கும். 1600-க்கு 1400-ஐ ஒட்டி வாங்கிய எளிய குடும்பத்துப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் தங்கள் மார்க்கைக் குறைவு என்று நினைத்து மறைத்திருக்கிறார்கள். அனுப்பியிருந்தால் அவர்களுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடியிருக்கும். ஏனென்றால் அங்கே எந்தப் பள்ளியில், எந்தச் சூழலில் வாங்கிய மார்க் என்றும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அதனால் அந்தப் பையனிடம் சொன்னேன்: இன்னொரு ஊர்ப் பையனின் மார்க்கோடு ஒப்பிட்டு உன்னுடையதை ஒளிக்காதே. உன் பள்ளியில் மற்றவர்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்று முதலில் பார்.

நம் தரவரிசைப் பட்டியல் வெள்ளத்தையும் பார்க்காது, வீட்டையும் பார்க்காது. அது பெரிய குறை என்றே நினைக்கிறேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு அந்தக் குறையில் ஒரு பகுதியைத்தான் சரிசெய்கிறது.

குறிஞ்சிப்பாடியிலும் புவனகிரியிலும் காட்டுமன்னார்கோவிலிலும் பிளஸ் டூ நடத்தும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ரிசல்ட் அன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுங்கள். பொறியியலுக்கு இவ்வளவு, தமிழுக்கு இவ்வளவு, மற்றப் பட்டப் படிப்புகளுக்கு 400-க்கு இவ்வளவு என்று அதில் இருக்கட்டும். அறுநூறுக்கு எவ்வளவு என்பதைக் கடைசி வரியில் எழுதினால் போதும்.