தாண்டக் கூடாத கோடு

பி.காம். படித்தவனுக்குக் கோடுகள் மேல் தனி மரியாதை உண்டு. டோட்டலுக்கு மேலே ஒரு கோடு, கீழே ரெண்டு கோடு. ரெண்டாவதைத் தாண்டி எழுதினால் ஆடிட்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். நம் உடம்பும் இப்படி ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது.

பேஸ்மென்ட் மெம்பரேன். தமிழில் அடித்தளச் சவ்வு. தோல், குடல், மூச்சுக்குழாய், பால் குழாய் என்று உடம்பின் பரப்புகளில் எல்லாம் எபிதீலியம் என்கிற செல்கள் தரையில் ஓடு பதித்த மாதிரி நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். ஓட்டுக்குக் கீழே தளம் வேண்டாமா? அதுதான் இது. பல இடங்களில் இதன் கனம் 100 நானோமீட்டர் அளவுதான். தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு!

இதில் செல்லே கிடையாது, பெரும்பாலும் புரோட்டீன் நெசவு. நாலாம் வகை கொலாஜன் ஒரு வலை, லாமினின் இன்னொரு வலை. லாமினின் வெளிச்சத்துக்கு வந்ததே 1979-ல்தான். செல்லின் காலைப் பிடித்துக்கொள்வது, 'இது உனக்கு அடிப்பக்கம்' என்று புரியவைப்பது எல்லாம் இதன் வேலை. எபிதீலியத்துக்குள் ரத்தக்குழாய் கிடையாது. சாப்பாடு, ஆக்ஸிஜன் எல்லாம் கீழேயிருந்து இந்தச் சவ்வு வழியாக ஊறி மேலே போனால்தான் உண்டு.

இத்தனை மெல்லிய சமாசாரத்துக்கு என்ன பெரிய மதிப்பு என்கிறீர்களா? சிநேகிதர் ஒருவரின் மனைவிக்கு மார்பில் பயாப்ஸி. ரிப்போர்ட்டில் 'கார்சினோமா' என்ற வார்த்தையைப் பார்த்ததுமே மனுஷர் பாதியாகிவிட்டார். பக்கத்திலேயே 'இன் சிட்டு' என்று இருந்தது கண்ணில் படவே இல்லை. டாக்டர்தான் நிதானமாகச் சொன்னாராம்: "செல்லுங்க கெட்டுப்போயிருக்கு, வாஸ்தவம். ஆனா இன்னும் கோட்டைத் தாண்டலை சார்."

கோடு என்றது இதைத்தான். ரத்தக்குழாய், நிணநீர்க் குழாய் எல்லாம் இதற்கு அந்தப் பக்கம். கெட்ட செல் என்ஸைம்களை வைத்துச் சவ்வை அரித்து இறங்கினால்தான் ஊர் சுற்றக் கிளம்ப முடியும். எது இறங்கும், எது சும்மா இருக்கும் என்று முன்கூட்டியே நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதனால்தான் தாண்டாத போதே ஆபரேஷன். அப்போதே பிடித்துவிட்டால் பிழைப்பது பெரும்பாலும் நிச்சயம்.

கிட்னியில் இந்தச் சவ்வுக்கு இன்னும் கஷ்டமான உத்தியோகம். வடிகட்டியின் முக்கியமான அடுக்கே இதுதான். தினமும் சுமார் 180 லிட்டர் இதன் வழியாக வடிகிறது. அதில் ஒன்றரை லிட்டர் போகப் பாக்கியை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ஆல்புமின் மாதிரி புரோட்டீன்கள் மட்டும் வடியாமல் ரத்தத்திலேயே நின்றுவிட வேண்டும்.

சர்க்கரை வருஷக்கணக்கில் எகிறி நின்றால் இந்தச் சவ்வு தடித்துப்போகும். தடித்தால் இன்னும் நன்றாக வடிகட்டும் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை, ஒழுகும்! ஆள் கூடக் கூட ஃபைல் காணாமல் போகிற ஆபீஸ் மாதிரி.

வலியே இருக்காது. அதனால் சர்க்கரைக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை யூரினில் ஆல்புமின் பார்த்துவிடுங்கள். ஆடிட் என்றால் கொஞ்சம் கசக்கும்தான். ஆனால் கணக்கில் ஓட்டையை ஆரம்பத்திலேயே பிடித்தால் கம்பெனி பிழைக்கும்.