பதினேழு வயசுப் பின்கள வீரனை எதை வச்சு மதிப்பிடுறது?

ரொறன்ரோவில் இருக்கிற என்ர மச்சான் ஒருத்தன், குளிர்காலம் தொடங்கினால் வட்ஸ்அப்பில் ஐஸ் ஹொக்கி வீடியோ அனுப்பத் தொடங்கிவிடுவான். அங்க இரவு ஏழு மணிக்கு ஆட்டம் எண்டால் இங்க விடிய ஐந்தரை. நான் எழும்பேக்க ஃபோனில் நாலைந்து வீடியோ கிடக்கும். அநேகமாக எல்லாம் ஒரே கதைதான். ஜூனியர் லீக்கில் ஆடுற பதினேழு வயசுப் பெடியன் ஒருத்தன், பின்கள வீரன், தன்ர கோலுக்குப் பின்னால் பக்கை எடுக்கிறான். மூண்டு பேரைத் தாண்டிச் சறுக்கிக்கொண்டு மற்ற முனைக்குப் போய்க் கோல் அடிக்கிறான். மொத்தம் நாற்பது விநாடி. கீழ ஒரு கேள்வி: "மச்சான், இவன் என்.எச்.எல்.லுக்கு வருவானா?"

முந்தி நான் யோசிக்காமல் "கட்டாயம் வருவான்" எண்டு எழுதிவிடுவேன். இப்ப அப்படி எழுதுறதில்லை. அதே நேரம், "இவன் சின்ன ஆள், தடுக்கத் தெரியாது, சரிவராது" எண்டு சொல்லுகிற பெரியாக்களின் பக்கமும் நான் இல்லை. இரண்டு பதிலுமே சோம்பேறிப் பதில்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

ஐஸ் ஹொக்கி பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஒரு அணியில் கோல் காப்பாளரை விட ஐந்து பேர் களத்தில் நிற்பார்கள்: முன்களத்தில் மூவர், பின்களத்தில் இருவர். கோல் அடித்தால் ஒரு புள்ளி. கோலுக்கு வழிவகுத்த பாஸ் கொடுத்தாலும் ஒரு புள்ளி. பின்கள வீரர் என்றால் எதிரணியைத் தடுக்க வேண்டியவர், புள்ளி எடுப்பது முன்களக்காரரின் வேலை என்றுதான் நீண்டகாலம் நினைத்தார்கள். பொஸ்ரன் அணியின் பொபி ஓர் அந்த எண்ணத்தை உடைத்தார். 1969-70 பருவத்தில் 120 புள்ளிகள் எடுத்து, பின்கள வீரராக இருந்துகொண்டே முழு லீக்கிலும் முதலிடம் பிடித்தார். 1974-75 இல் மறுபடியும் அதைச் செய்தார். அவருக்குப் பிறகு இன்றுவரை வேறு எந்தப் பின்கள வீரரும் அந்த இடத்துக்கு வரவில்லை.

இவ்வளவு காலம் போயும், தாக்கி ஆடுகிற பின்கள வீரன் ஒருவன் டிராஃப்டுக்கு வரும்போது தேர்வாளர்களுக்குப் பயம் வந்துவிடுகிறது. டிராஃப்ட் என்பது என்.எச்.எல். அணிகள் பதினெட்டு வயதை ஒட்டிய பெடியளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் தெரிவு செய்கிற நாள். 32 அணிகள், 7 சுற்றுகள். இருநூறுக்கு மேற்பட்ட பெயர்கள்.

2022 ஆம் ஆண்டு டிராஃப்ட் மொன்றியலில் நடந்தது. அமெரிக்காவின் 18 வயதுக்குட்பட்டோர் தேசியப் பயிற்சி அணியில் ஆடிய லேன் ஹட்சன் என்ற பின்கள வீரரும் அதில் இருந்தார். பக்கைக் கையாளுகிற விதத்தில் அந்த வயதில் அவருக்கு ஈடாக அதிகம் பேர் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் உயரம் ஏறத்தாழ 5 அடி 8 அங்குலம். தன் எலும்பு வளர்ச்சி வயதுக்குப் பின்தங்கியிருக்கிறது, இன்னும் வளர இடமிருக்கிறது என்று சொல்லும் மருத்துவரின் கடிதத்தையே அவர் அணிகளிடம் கொடுக்க வேண்டியிருந்தது. பதினெட்டு வயசுப் பெடியன் ஒருவன் தன் ஆட்டத்துக்குச் சாட்சியாக வைத்தியரின் துண்டைக் கொண்டுபோறான் எண்டால், அந்த மதிப்பீட்டு முறையில் ஏதோ பிழை இருக்கத்தானே வேணும்?

மொன்றியல் கனடியன்ஸ் அவரை 62 ஆவதாக எடுத்தது. அதற்கு முன்னர் அதே அணி 1, 26, 33 ஆம் இடங்களில் மூன்று பேரைத் தெரிவு செய்திருந்தது. மூவரும் முன்கள வீரர்கள். அதாவது, அவரைக் கண்டுபிடித்த அணி என்று இன்றைக்குப் பாராட்டப்படுகிற அணியே மூன்று தரம் அவரைத் தாண்டிப் போனது. ஹட்சன் பொஸ்ரன் பல்கலைக்கழகத்தில் இரண்டு பருவம் ஆடிவிட்டு வந்தார். 2024-25 இல், என்.எச்.எல்.லில் தன் முதல் முழுப் பருவத்தில், 6 கோல், 60 பாஸ், மொத்தம் 66 புள்ளி எடுத்தார். அறிமுகப் பின்கள வீரர் ஒருவர் ஒரு பருவத்தில் கொடுத்த பாஸ்களில் 60 தான் உச்சம். 1980-81 இல் லரி மர்ஃபி வைத்த அந்தச் சாதனையை ஹட்சன் சமன் செய்தார். சிறந்த அறிமுக வீரருக்கான கோல்டர் விருதும் அவருக்கே கிடைத்தது.

இது ஒருதரம் நடந்த விபத்தில்லை. 2008 டிராஃப்டில் 13 ஆம் இடத்தில் லொஸ் ஏஞ்சலஸ் அணி கோல்ட்டன் டூபர்ட்டை எடுத்தது. உயரமான, உடல் பலத்தால் தடுத்து ஆடுகிற, "நம்பி எடுக்கலாம்" வகைப் பின்கள வீரர். 15 ஆம் இடத்தில் ஒட்டாவா அணி சுவீடனில் இருந்து வந்த மெலிந்த பெடியன் எரிக் கார்ல்சனை எடுத்தது. டூபர்ட் என்.எச்.எல்.லில் ஆடியது 24 ஆட்டங்கள். கார்ல்சன் சிறந்த பின்கள வீரருக்கான நோரிஸ் விருதை 2012, 2015, 2023 என்று மூன்று தரம் வென்றார். மூன்றாவது விருது வந்த பருவத்தில் அவர் எடுத்தது 101 புள்ளி.

டூபர்ட்டைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இளம் வயதில் எடுக்கப்படுகிற எத்தனையோ பேருக்கு நடப்பதுதான் அவருக்கும் நடந்தது. என்ர கேள்வி அவரை எடுத்தவர்களைப் பற்றியது. உயரமான, அமைதியாக ஆடுகிற பெடியன் சரிவராமல் போனால் "துரதிர்ஷ்டம்" என்கிறார்கள். சின்ன, துணிந்து ஆடுகிற பெடியன் சரிவராமல் போனால் "அப்பவே சொன்னோமே" என்கிறார்கள். இரண்டும் சூதுதான். ஆனால் ஒன்றை மட்டும்தான் சூது என்று அழைக்கிறார்கள். தேர்வாளரும் சம்பளத்துக்கு வேலை செய்கிற ஆள். தன் வேலை போகாத பிழையை அவர் தெரிவு செய்கிறார். பாதுகாப்பான தெரிவு என்று அவர்கள் சொல்வது பல நேரம் அணிக்குப் பாதுகாப்பில்லை, எடுத்தவருக்குத்தான் பாதுகாப்பு.

சரி, அப்ப புள்ளி எடுக்கிற எல்லாப் பெடியளையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாமா? இல்லை. ஹட்சனையும் கார்ல்சனையும் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் நானும் ஏமாற்றுகிறவன் ஆகிவிடுவேன்.

ஒன்ராறியோ ஜூனியர் லீக்கில் இரண்டு ரயன்கள் ஆடினார்கள். வின்ட்சர் அணியில் ரயன் எலிஸ், கிச்சினர் அணியில் ரயன் மர்ஃபி. இருவரும் உயரம் குறைந்தவர்கள், இருவரும் பின்களத்தில் இருந்து புள்ளிகளைக் குவித்தவர்கள். எலிஸை 2009 இல் நாஷ்வில் 11 ஆவதாக எடுத்தது. மர்ஃபியை 2011 இல் கரோலைனா 12 ஆவதாக எடுத்தது. அந்தப் பருவத்தில் மர்ஃபி 26 கோல் அடித்திருந்தார். ஒரு பின்கள வீரருக்கு அது பெரிய எண். தெரிவான பிறகு இருவருமே ஜூனியருக்குத் திரும்பிப்போய் இன்னும் ஆடினார்கள். எலிஸ் நாஷ்வில்லில் குறைந்த நிமிடங்களில் தொடங்கி, மெல்ல மெல்ல இரண்டு முனையிலும் நம்பக்கூடிய முதல் வரிசை வீரராக வளர்ந்தார். 2017 இல் ஸ்டான்லி கிண்ண இறுதிவரை போன அணியின் தூண்களில் ஒருவர் அவர். மர்ஃபிக்கு என்.எச்.எல்.லில் நிலையான இடம் ஒருபோதும் அமையவில்லை.

ரயன் மேர்க்லி கதையும் இருக்கிறது. 2016 இல் ஒன்ராறியோ லீக்கின் தெரிவில் முதல் பெயரே அவர்தான். 2017-18 இல் 63 ஆட்டங்களில் 67 புள்ளி. சான் ஹோசே அவரை முதல் சுற்றிலேயே, 21 ஆவதாக எடுத்தது. என்.எச்.எல்.லில் அவர் ஆடியது 39 ஆட்டங்கள். தடுப்பாட்டம் பற்றி முதலே இருந்த சந்தேகம் தீரவில்லை.

உயரம் ஒரே மாதிரி, புள்ளியும் ஒரே மாதிரி, முடிவு மட்டும் வேறு. அப்ப உயரத்தையும் புள்ளியையும் விட்டுவிட்டு வேறு எதையோ பார்த்திருக்க வேணும். நான் நாலு விசயத்தைப் பார்ப்பேன்.

முதலாவது, புள்ளி எங்கிருந்து வந்தது? ஹொக்கியிலும் பவர் பிளே இருக்கிறது. எதிரணியில் ஒருவர் தண்டனையாக வெளியே இருக்கும்போது ஐந்து பேர் நாலு பேரை எதிர்த்து ஆடுவார்கள். அப்ப இடமும் இருக்கும், நேரமும் இருக்கும். பாதிப் புள்ளி அங்கேதான் வந்தது என்றால் நான் கொஞ்சம் நிதானிப்பேன். ஐந்துக்கு ஐந்து ஆடும்போதும் அவன் களத்தில் நிற்கையில் பக் எதிரணிப் பக்கம்தான் கிடக்குதா என்று பார்ப்பேன்.

இரண்டாவது, ஆளை எப்படித் தாண்டுகிறான்? வெறும் வேகத்தாலா, ஏமாற்றியா? ஜூனியரில் எதிரே நிற்பது பதினாறு வயதில் இருந்து இருபது வயது வரையான பெடியள். என்.எச்.எல்.லில் எல்லாரும் வேகம், எல்லாருடைய கையும் நீளம். ஜூனியரில் வேகத்தால் மட்டும் வென்றவனுக்கு அங்கே அந்த வாசல் மூடிக்கொள்ளும். ஹட்சன் நேர்கோட்டு ஓட்டத்தில் பெரிய வேகக்காரர் இல்லை. தோளை ஒரு பக்கம் காட்டி, எதிராளியின் கால் பாரம் அந்தப் பக்கம் போனதும் மற்றப் பக்கத்தால் போகிறவர். அது மேலே போனாலும் செல்லும்.

மூன்றாவது, பக்கைத் தொட முதல் என்ன செய்கிறான்? எதிரணி பக்கை மூலைக்குள் தள்ளிவிட்டுத் துரத்திக்கொண்டு வரும்போது, பின்கள வீரன் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு போய் அதை எடுக்க வேணும். எடுக்க முதல் எத்தனை தரம் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிறான்? பார்க்கிறவனுக்கு யார் எங்கே வாறான், தன் ஆள் எங்கே நிற்கிறான் என்று முதலே தெரியும். பார்க்காதவன் எடுத்த பிறகுதான் யோசிப்பான். ஜூனியரில் அதற்கு நேரம் கிடைக்கும், மேலே கிடைக்காது.

நாலாவது, பக்கைப் பறிகொடுத்த பிறகு வருகிற ஐந்து விநாடி. தாக்கி ஆடுகிற எவனும் பறிகொடுப்பான். அது பிழை இல்லை, அந்த ஆட்டத்தின் விலை. பறிகொடுத்துவிட்டுக் கையை விரித்து நடுவரைப் பார்க்கிறானா, இல்லாட்டி தலையைக் குனிந்து திரும்பி ஓடுகிறானா? போன வருசத்துப் பிழையை இந்த வருசமும் செய்கிறானா? ஒரு ஆட்டத்தில் இது தெரியாது. இரண்டு பருவத்தை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த நாலில் ஒன்றுகூட மச்சான் அனுப்புகிற நாற்பது விநாடியில் இல்லை. வீடியோ தொடங்கும்போது பக் ஏற்கனவே அவன்ர கையில். முடியும்போது கோல். அதற்கு முதல் அவன் திரும்பிப் பார்த்தானா, அதே ஆட்டத்தில் வேறு மூன்று தரம் பறிகொடுத்தானா என்பதெல்லாம் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். தேர்வாளர் உயரத்தை அளக்கிறார், நாங்கள் வீடியோவைப் பகிர்கிறோம். இரண்டு பேரும் ஆட்டத்தைப் பார்க்கிறதில்லை.

கடைசியாக, எனக்குக் கோபம் வருகிற விசயம் ஒன்று. இப்படியான பெடியனுக்குச் சொல்லப்படுகிற முதல் புத்தி "முதல்ல தடுக்கப் பழகு, மற்றதைப் பிறகு பாப்பம்". கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பதினேழு வயதில் ஒவ்வொரு பறிகொடுப்புக்கும் வாங்கில் உட்கார வைத்தால், அவன் பக்கைக் கண்டதும் சுவரில் அடித்து வெளியே அனுப்பப் பழகிவிடுவான். பிழை குறையும். ஆனால் அவனை எதற்காக எடுத்தார்களோ அதுவும் போய்விடும். பக் எங்கட கையில் இருக்கிற நேரம் எதிரணியால் கோல் அடிக்க ஏலாது. பக்கைத் தன் பகுதியில் இருந்து சுத்தமாக வெளியே கொண்டுபோகத் தெரிந்தவனும் தடுக்கிறவன்தான். அவனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது எப்ப துணிவது, எப்ப விடுவது என்பதை. துணிய வேண்டாம் என்பதை இல்லை.

அதற்குப் பிறகும் சிலர் வர மாட்டார்கள். மேர்க்லி மாதிரி, மர்ஃபி மாதிரி. அதை ஏற்றுக்கொண்டுதான் எடுக்க வேணும். டூபர்ட்டையும் அப்படித்தானே எடுத்தார்கள்.

போன கிழமையும் மச்சான் ஒரு வீடியோ அனுப்பினான். "எப்பிடி?" எண்டு கேட்டான். நல்லா இருக்கு, இவன் ஆடின முழு ஆட்டம் ஒண்டு இருந்தால் அனுப்பு எண்டு எழுதினேன். "உனக்கு விசர்" எண்டு பதில் வந்தது. அடுத்த நாள் முழு ஆட்டமும் வந்தது. முதல் பகுதியில் மட்டும் பெடியன் நாலு தரம் பறிகொடுத்தான். நாலு தரமும் திரும்பி ஓடினான். எனக்கு அவனைப் பிடிச்சிருக்கு.