நான் எந்தக் காட்டை அழித்தேன்?

சொல்லுங்கள் ஐயாமாரே, நான் எந்தக் காட்டை அழித்தேன்? பாகான் டத்தோவில் இந்த ஐந்து ஏக்கரில் தாத்தா காலத்தில் நின்றது தென்னை. அப்பா அதனடியில் கொக்கோ போட்டார். கொக்கோ விலை விழுந்த பிறகுதான் செம்பனை வந்தது. செம்பனை என்றாலே ஒராங் ஊத்தான் படத்தைக் காட்டுகிறீர்கள். அது வாழ்வது போர்னியோவிலும் சுமத்ராவிலும். நான் பார்த்ததெல்லாம் தைப்பிங் விலங்குக்காட்சிசாலையில், டிக்கெட் வாங்கி!

2020 ஜனவரி முதல் செம்பனை எண்ணெய்க்கான எம்.எஸ்.பி.ஓ. நிலைத்தன்மைச் சான்றிதழ் கட்டாயம் என்றார்கள். எடுத்தேன். தணிக்கைச் செலவை அரசாங்கம் ஏற்றது, மறைக்கவில்லை. மருந்துக்குப் பூட்டு போட்ட அறை கட்டியது யார்? வெட்டுக்குப் போகிற நாளை விட்டுவிட்டு வகுப்பில் உட்கார்ந்தது யார்? பாராகுவாட் களைக்கொல்லியைத் தடை செய்தது நல்ல காரியம்தான். அதைத் தெளித்துத் தெளித்து நகம் கழன்ற பெண்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. உர மூட்டைக்கும் ரசீது, தெளித்த மருந்துக்கும் கணக்கு, எல்லாம் எழுதி வைத்தேன்.

எழுதி என்ன கண்டேன்? என் குலையும் சான்றிதழே எடுக்காதவன் குலையும் குலை வாங்கும் தவுக்கேயிடம் ஒரே குவியலில்தான் விழுகின்றன. விலையும் ஒன்றுதான். காய் என்று ஒரு கழிவு, காம்பு நீளம் என்று இன்னொரு கழிவு. வெட்டிய குலை ஒரு நாளைக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெய் தரம் கெட்டுவிடும். அது தவுக்கேக்கும் தெரியும். திருப்பி ஏற்றிக்கொண்டு நான் எங்கே போவேன்?

வெளிநாட்டுக்காரர் கேட்கிற சான்று முத்திரையின் கூத்து அதைவிடப் பெரிது. சான்று பெற்ற எண்ணெயையும் பெறாததையும் ஒரே தொட்டியில் கலக்க அந்த முத்திரையின் விதியிலேயே ஒரு வழி உண்டு. உள்ளே வந்த அளவுக்கு மேல் சான்றோடு விற்காமல் கணக்கு நேராக இருந்தால் போதுமாம். கம்பெனிக்காரன் எண்ணெயைக் கலக்கலாம். நான் மட்டும் ஒவ்வொரு மரமும் நிற்கிற இடத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டும்! 2023இல் ஐரோப்பா போட்ட சட்டமோ நிலத்தின் ஜி.பி.எஸ். புள்ளியையும் கேட்கிறது. ஆயத்தமாக அவகாசம் வேண்டும் என்று சத்தம் எழுந்ததும் அமலாக்கத்தைத் தள்ளி வைத்தார்கள். உரக்கடைக்காரர் என் பாக்கியை அப்படித் தள்ளி வைப்பாரா?

மரங்களுக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. அலக்கு எட்டவில்லை. வெட்ட ஆளும் கிடைப்பதில்லை. மறுநடவு செய்தால் ஏறக்குறைய மூன்று வருடம் குலை கிடையாது. அதுவரை எந்தச் சான்றிதழை உலையில் போடுவது? காட்டைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காக்கிற செலவில் என் பங்கை நான் கட்டிவிட்டேன். கடையில் முத்திரையைப் பார்த்து வாங்குகிறவர் தருகிற காசில் என் பங்கு எங்கே?

டன்னுக்கு இத்தனை வெள்ளி, சான்றிதழுக்காக, என்று பில்லில் தனி வரி போடுங்கள். முடியாதென்றால் அடுத்த தணிக்கைக்கு வருகிறவர் கையிலிருக்கும் பட்டியலில் ஒரு கேள்வியையாவது சேருங்கள்: ‘இதனால் உனக்கு எவ்வளவு கூடுதலாகக் கிடைத்தது?’ அந்தக் கட்டத்தை நானே நிரப்பித் தருகிறேன்.