காதம் எத்தனை மைல்?

பழந்தமிழ் நூல்களில் 'காதம்' என்று வந்துவிட்டால் போதும், 'ஏறத்தாழ பத்து மைல்' என்று அடிக்குறிப்புப் போட்டுவிடுகிறார்கள். அகராதியும் அதற்குத் துணை நிற்கிறது. இந்தக் குறிப்பை இனியாவது கைவிட வேண்டும் என்பது என் கட்சி. பழைய வாய்பாட்டைக் கூட்டிப் பார்க்கலாம். நான்கு முழம் ஒரு கோல். ஐந்நூறு கோல் ஒரு கூப்பிடு. நான்கு கூப்பிடு ஒரு காதம். ஆக, 8,000 முழம். முழத்துக்கு ஒன்றரை அடி என்று கொண்டால் 12,000 அடி, அதாவது மூன்றரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பத்து மைல் என்பதோ 16 கிலோமீட்டர். ஒரே பெயருக்கு நான்கு மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

சிலப்பதிகாரத்தில், புகாரைவிட்டுக் கிளம்பிச் சிறிது தொலைவிலேயே களைத்துப்போன கண்ணகி மதுரை எங்கே என்று கேட்க, கோவலன் சொல்லும் விடையை முப்பது காதம் என்று பொருள்கொள்வதுதான் வழக்கம். பூம்புகாரிலிருந்து மதுரை நேர்கோட்டிலேயே 230 கிலோமீட்டர் இருக்கும். பத்து மைல் கணக்கில் முப்பது காதம் 480 கிலோமீட்டர் ஆகிறது. வாய்பாட்டுக் கணக்கில் 110-ஐத் தாண்டவில்லை. இரண்டுமே பொருந்தவில்லை. ஆனால் சோழர் கால நில அளவையில் பன்னிரு சாண் கோலும் பதினாறு சாண் கோலும் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. வாய்பாட்டுக் கோலோ எட்டுச் சாண்தான். பதினாறு சாண் கோலால் அளந்தால் காதம் ஏழு கிலோமீட்டரைத் தாண்டும். முப்பது காதம் 220-ஐ நெருங்கும். நிலம் அளந்த கோலால் வழியையும் அளந்தார்களா என்பது ஊகம்தான். ஆனாலும் எந்தக் கோல் என்று கேட்காமல் காதத்தை மைலாக்க முடியாது என்பது இதிலேயே தெரிகிறது.

காப்பியத்தில் வரும் எண்ணை நம்பி அளவு காணலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கோலுக்குக் கோல் நீளம் மாறினால் அது அளவே இல்லை, வெறும் பேச்சு வழக்கு என்றும் சிலர் தள்ளிவிடுவார்கள். இதை நான் ஏற்கமாட்டேன். தருமபுரிப் பகுதியில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று, அதியமான் பெருவழியில் நாவல்தாவளத்துக்கு 29 காதம் என்கிறது. எழுத்தோடு நிறுத்தவில்லை, அதே கல்லில் இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழிக்குப் பத்து, சிறியதற்கு ஒன்று. எழுத்தறியாத பொதிக்காரனும் விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம்! இப்படி இன்னொரு கல்லில் 27 காதம். இருபத்தேழையும் இருபத்தொன்பதையும் வேறுபடுத்திக் கல்லில் வெட்டியவர்களுக்குக் காதம் குத்துமதிப்பாக இருந்திருக்க முடியாது. அந்தப் பெருவழியில் அதற்கு ஒரு திட்டமான நீளம் இருந்திருக்க வேண்டும்.

ஆகவே பதிப்பாசிரியர்கள் மைல் எண்ணை எடுத்துவிட்டு, காதம் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறியிருக்கக்கூடும் என்று எழுதினால் போதும். இரண்டு ஊர்களுக்கு இடையே இத்தனை காதம் என்று நூலோ கல்வெட்டோ சொல்லுமிடத்தில், அந்த ஊர்கள் இன்றும் அடையாளம் தெரிகிறவையானால், இன்றைய தொலைவையும் பக்கத்திலேயே தந்துவிடலாம்.