தொழில் படிப்பவனுக்குத் தமிழ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

"ஏசி மெக்கானிக் ஆகப் போறவனுக்கு என்னத்துக்குத் தமிழு? என்னத்துக்கு இந்தச் சுற்றுச்சூழலு? வேலையெ மட்டும் சொல்லிக் குடுத்து சீக்கிரம் அனுப்பினா போராதா?"

கன்னியாகுமரி மாவட்டத்தில் இராஜாக்கமங்கலம், ஈத்தாமொழி, கணபதிபுரம் பக்கம் பிள்ளைகளைப் பாலிடெக்னிக்கிலோ சமுதாயக் கல்லூரியிலோ பி.வோக். என்னும் தொழிற்பட்ட வகுப்பிலோ சேர்க்கும் வீடுகளில் இந்தக் கேள்வி சர்வசாதாரணம். பெற்றோர் கேட்பதிலாவது ஒரு நியாயம் உண்டு. கல்லூரி நிர்வாகிகளும் கேட்கிறார்கள், வேலைக்கு ஆள் எடுக்கும் முதலாளிகளும் கேட்கிறார்கள். பாடத்திட்டக் குழுவில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியர்களிலும் சிலர், தங்கள் துறைக்கு வாரம் இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்குமே என்ற ஆசையில் தலையாட்டுகிறார்கள். தொழிற்படிப்பில் பொதுப்பாடம் என்பது இடத்தை அடைக்கும் சரக்கு, அதைத் தூக்கிவிட்டால் மாணவனுக்கு லாபம் என்ற இந்த நம்பிக்கை முழுத் தவறு. அதில் நஷ்டப்படப் போவது கேள்வி கேட்ட வீட்டுப் பிள்ளைதான்.

முதலில் அந்த ஏசி மெக்கானிக்கையே எடுத்துக்கொள்வோம். அவர் தோளில் தூக்கிப் போகும் சிலிண்டரில் ஒரு காலத்தில் ஆர்22 வாயு இருந்தது. இப்போது புது மெஷின்களில் பெரும்பாலும் ஆர்32. சிலவற்றில் ஆர்290, அதாவது புரொப்பேன். இந்த மாற்றத்தை எந்தக் கம்பெனியும் சும்மா செய்யவில்லை. ஆர்22 ஓசோன் படலத்தை அரிக்கிறது. 1987-ல் கையெழுத்தான மான்ட்ரியால் ஒப்பந்தத்தின்படி உலக நாடுகள் அந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் கைவிடுகின்றன. இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது. வளிமண்டலத்தைச் சூடாக்கும் வாயுக்களையும் குறைக்க வேண்டும் என்று 2016-ல் கிகாலியில் திருத்தம் வந்தது, அதை 2021-ல் ஏற்றோம். ஆர்22 தீப்பிடிக்காது, ஆர்32 லேசாகப் பிடிக்கும், ஆர்290 சட்டென்று பற்றிக்கொள்ளும். பழைய வழக்கத்தில் பூட்டிய அறைக்குள் கேஸைத் திறந்துவிட்டு பிரேசிங் டார்ச்சைப் பற்றவைக்கும் பையனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டிய பாடத்தின் பெயர் என்ன? தொழிற்பாடம் வாயுவின் அழுத்தத்தைச் சொல்லும். அந்த வாயு ஏன் மாறியது, நாளை எதுவாக மாறும், அதனால் தன் பிழைப்பு எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சுற்றுச்சூழல் பாடம்தான் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே சிலிண்டரைப் பற்றிய பாடம்.

இனி கணக்கைப் பார்ப்போம். பி.வோக். படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்தபடி ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட். 36 தொழில்திறனுக்கு, 24 பொதுக்கல்விக்கு. ஓராண்டோடு நின்றால் டிப்ளமா, இரண்டாண்டில் அட்வான்ஸ்டு டிப்ளமா, மூன்றாண்டு முடித்தால் பட்டம். எந்தக் கட்டத்தில் வெளியேறினாலும் படித்ததில் ஐந்தில் இரண்டு பங்கு பொதுக்கல்வி. இந்த ஐந்தில் இரண்டுதான் பலர் கண்ணை உறுத்துகிறது. கலை அறிவியல் கல்லூரிகளிலும் இதே மனோபாவம்தான். பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம் என்று வரிசையில் முன்னால் நின்றாலும், "மேஜர்ல எவ்வளவு?" என்பதைத் தாண்டி மாமாவோ சித்தப்பாவோ வேறு கேள்வி கேட்டதில்லை. பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ. மாணவர்கள் பல பல்கலைக்கழகங்களில் முதலாண்டோடு தமிழைக் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் ஆண்டிலும் தமிழ் வேண்டும் என்று 2022-ல் அரசு சொல்ல வேண்டிவந்தது.

சமுதாயக் கல்லூரி இந்த நாட்டுக்கு எப்படி வந்தது என்பதையும் மறந்துவிட்டோம். 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே சென்னை சமுதாயக் கல்லூரி வந்தது. ஜேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் அதை ஓர் இயக்கமாகவே வளர்த்தெடுத்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கும், கல்லூரி வாசலை மிதிக்க வசதியில்லாத வீட்டுப் பெண்களுக்குமான கல்லூரி அது. வேலைக்கு ஆள் தயாரிப்பதுதான் குறி. ஆனாலும் அந்த வகுப்புகளில் வாழ்க்கைத் திறன் முதலில் வந்தது, தொழில்திறனும் களப் பயிற்சியும் அதைத் தொடர்ந்தன. ஏழைப் பிள்ளையை நன்றாக அறிந்தவர்கள் போட்ட வரிசை அது. 2009-ல் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ சமுதாயக் கல்லூரித் திட்டத்தை எடுத்து, அமெரிக்காவில் இருப்பதுபோல் 'அசோசியேட் டிகிரி'யையும் கொண்டுவந்தது, சில ஆண்டுகளில் அந்தத் திட்டம் நின்றுபோனது. அந்தப் பட்டம் நிலைக்கவில்லை என்பதற்காக வரிசையும் தவறு என்றாகாது.

படிப்பு எவ்வளவு குறுகியதோ, அவ்வளவுக்கு அதில் பொதுப்பாடம் அவசியம் என்பதே என் கட்சி. டாக்டருக்குப் படிப்பவன் வாழ்நாள் முழுக்கப் படித்தவர்கள் நடுவில் இருக்கப் போகிறான். தெரியாததைக் கேட்க அவனுக்கு வக்கீல் நண்பன் இருப்பான், ஆடிட்டர் மைத்துனன் இருப்பான். இரண்டாண்டு டிப்ளமாக்காரனுக்கு அதுவே கடைசி வகுப்பறை. தொழிலில் புதிதாக ஒன்று வந்தால் கம்பெனி பயிற்சி கொடுக்கும், அதில் கம்பெனிக்கு லாபம் இருக்கிறது. ஆனால் சம்பளச் சீட்டைப் படிக்கவும், கடன் பத்திரத்தைச் சந்தேகப்படவும், அதிகாரிக்கு ஒரு மனு எழுதவும் எந்த முதலாளி வகுப்பெடுப்பார்?

ஒரு கணக்கைச் சொல்கிறேன், பேனாவை எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் ரூபாய் கடன், 12 மாதத் தவணை, 'ஃபிளாட்' வட்டி 12 சதவீதம். மாதம் 9,333 ரூபாய், மொத்தம் 1,12,000. பன்னிரண்டு சதவீதம்தானே என்று நம் பையன் கையெழுத்துப் போடுகிறான். முதல் தவணையிலேயே அசலில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடுகிறது. ஆறு மாதம் கழியும்போது அவன் கையில் மிஞ்சியிருப்பது ஏறத்தாழ பாதிக் கடன். வட்டியோ கடைசி மாதம் வரை முழு லட்சத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறது. குறைந்துவரும் அசலுக்கு முறைப்படி கணக்குப் பார்த்தால் அவன் கொடுக்கும் வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 சதவீதம். இரண்டு வகுப்பில் சொல்லித்தரக்கூடிய விஷயம் இது. பைக் லோன், நகைக் கடன், குழுக் கடன் என்று ஆயுசு முழுக்கத் தவணை கட்டப் போகிறவனிடம், 'பொதுக் கணிதம் உனக்கு வேண்டாம்' என்று சொல்வது யாருக்குச் சாதகமான பேச்சு?

வளைகுடாவுக்குப் போகிற பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவுபெற்ற முகவர் வாங்கும் சேவைக் கட்டணத்துக்குச் சட்டப்படி 30,000 ரூபாய்தான் உச்சவரம்பு, ஜிஎஸ்டி தனி. இது தெரியாமல் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தவர்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். ஆங்கிலத்தில் நீட்டிய ஒப்பந்தத்தை வைத்து, சம்பளம் எந்தப் பத்தியில், ஓவர்டைம் எந்தப் பத்தியில், திரும்பி வர டிக்கெட் யார் செலவு என்று பென்சிலால் கோடு போட்டுப் படிக்கவைத்தால் அதுவே ஆங்கில வகுப்பு.

இன்னொரு வேடிக்கை, மனம் நோகவைக்கும் வேடிக்கை. தமிழ் எதற்கு, வரலாறு எதற்கு என்று கேட்ட அதே வீடு, பையன் டிப்ளமா முடித்ததும் குரூப் 4 கோச்சிங்குக்கு நாகர்கோவிலுக்கு அனுப்பிப் பணம் கட்டுகிறது. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், அதில் 100 தமிழ். அந்தத் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மிச்சத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். மிச்சத்திலும் 75 பொது அறிவு: வரலாறு, அரசியலமைப்பு, பொருளாதாரம், புவியியல். கல்லூரியில் இலவசமாகவோ அரைக் கட்டணத்திலோ கிடைத்ததை 'டைம் வேஸ்ட்' என்று தள்ளிவிட்டு, அதையே வெளியில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

பொதுப்பாடம் வேண்டாம் என்ற நம்பிக்கையின் வேர் எங்கே என்றும் பார்க்க வேண்டும். 1953-ல் ராஜாஜி அரசு சென்னை மாநிலத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பை ஒரு நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, மிச்ச நேரம் பிள்ளை வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்றது. ஊரே கொதித்தது. குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயர் விழுந்தது. 1954-ல் காமராஜர் முதல்வராகி அதைக் கைவிட்டார். நம் மாவட்டம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால் அந்தச் சூடு நம்மேல் படவில்லை, ஆனால் அதே காமராஜரை 1969-லும் 1971-லும் நாகர்கோவிலில் இருந்து மக்களவைக்கு அனுப்பினோம். கையால் உழைப்பவனுக்கு யோசிக்கும் படிப்பு வேண்டாம் என்ற அந்தப் பழைய எண்ணம், இப்போது 'ஸ்கில்' என்ற புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. இலக்கியமும் பொருளாதாரமும் தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று எந்த வசதியான வீடும் சொல்லிக் கேட்டதில்லை. வேண்டாம் என்ற புத்திமதி எப்போதும் அடுத்த வீட்டு ஏழைப் பிள்ளைக்குத்தான்.

எதிர்த்தரப்பில் ஓர் உண்மை இருக்கிறது, அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. பொதுப்பாடங்கள் நடத்தப்படும் லட்சணம் சகிக்கவில்லை. மாணவன் வெறுப்பதில் ஆச்சரியமே கிடையாது. சுற்றுச்சூழல் கல்வியையே பாருங்கள். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டு, அதன்பின்னும் பல ஆண்டுகள் இழுபட்டு, பட்டப்படிப்புகளில் கட்டாயமாக வந்த பாடம் அது. இன்று அது என்ன ஆயிற்று? கைடு புத்தகம், ஐந்து மார்க் கேள்வி, பத்து மார்க் கேள்வி, தேர்வுக்கு முந்தின ராத்திரி. அமேசான் காடு அழிவதை ஒப்பிக்கும் மாணவனுக்கு, மணவாளக்குறிச்சியில் நூறாண்டுக்கும் மேலாக அள்ளப்படும் மணலில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும், மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல்லின் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1-ல் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தார்கள், எதிர்ப்பு கிளம்பித் தள்ளிவைத்தார்கள். சுற்றுச்சூழல் அனுமதிக்கான 2006 அறிவிக்கையின்படி, கருத்துக்கேட்புக்கு வரும் திட்டங்களின் சுற்றுச்சூழல் அறிக்கைச் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் மக்களுக்குக் கிடைக்க வேண்டும். அந்தச் சுருக்கத்தை வகுப்பில் வைத்து, ஆதரிக்கிறவனும் எதிர்க்கிறவனும் பத்தி பத்தியாகப் படித்து வாதாடட்டும். அதைவிட நல்ல சுற்றுச்சூழல் பாடமும் கிடையாது, தமிழ்ப் பாடமும் கிடையாது.

இதற்கெல்லாம் வெளியூர் போக வேண்டியதும் இல்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் தொழில்நுட்ப மையம் இராஜாக்கமங்கலத்திலேயே இருக்கிறது. நீர் கடலில் கலக்கும் பொழிமுகமும் பக்கத்திலேயே இருக்கிறது. இறால் வளர்ப்பு படிக்கும் மாணவன் உப்பளவும் தீவனமும் கற்றால் போதும் என்கிறார்கள். கடலோர இறால் பண்ணைகளை எதிர்த்துக் காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் என்ன சொன்னது, 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனி ஆணையம் ஏன் வந்தது, தடைசெய்த ஆன்டிபயாட்டிக் இருந்தால் ஐரோப்பா ஏன் சரக்கைத் திருப்பி அனுப்புகிறது என்பதெல்லாம் தெரியாமல் குளம் வெட்டுகிறவன் முதலைத் தொலைப்பான்.

பொதுப்பாடத்துக்காகப் பேசுகிறவர்களிலும் ஒரு சாரார் எனக்கு உடன்பாடில்லாதவர்கள். 'சாஃப்ட் ஸ்கில்' என்ற பெயரில் இன்டர்வியூவில் எப்படிக் கைகுலுக்குவது, எப்படிச் சிரிப்பது என்று பழக்கிவிட்டு, பொதுக்கல்வி கொடுத்தாயிற்று என்கிறார்கள். முதலாளிக்குப் பிடித்த மாதிரி பேசுவது வேறு, முதலாளியிடம் நியாயம் கேட்கத் தெரிவது வேறு. முன்னதற்கு மட்டும் நேரம் ஒதுக்கும் பாடத்திட்டத்தைப் பொதுக்கல்வி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அசோசியேட் டிகிரி பிறந்த அமெரிக்காவிலும் இந்தச் சச்சரவு ஓயவில்லை. புளோரிடாவில் 2024 ஜனவரியில் அரசுக் கல்லூரிகளின் பொதுப்பாடப் பட்டியலில் இருந்து சமூகவியலை எடுத்துவிட்டார்கள், பெரிய எதிர்ப்பு கிளம்பியது. இருந்தாலும் தென்மாநிலக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, அசோசியேட் டிகிரி எதுவானாலும் குறைந்தது 15 கிரெடிட் பொதுக்கல்வி இருக்க வேண்டும் என்ற விதியை வைத்திருக்கிறது. வெல்டிங் படிப்பவனும் அங்கே கட்டுரை எழுதித்தான் பட்டம் வாங்குகிறான்.

பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த முறை திருத்தம் என்று உட்காரும்போது பொதுப்பாடத்தின் மணி நேரத்தில் கை வைக்காதீர்கள். பாடத்தை மாற்றுங்கள். வட்டிக் கணக்கு, வேலை ஒப்பந்தம், தொழிலாளர் சட்டம், மனு எழுதுதல், ஊர்ச் சுற்றுச்சூழல் அறிக்கை இவற்றை உள்ளே கொண்டுவாருங்கள். கூடவே நல்ல கதையும் கவிதையும் இருக்கட்டும், டிப்ளமாக்காரனுக்கும் மனசு உண்டு. கைடு பார்த்து எழுதி முடிக்க முடியாதபடி கேள்வித்தாளை அமையுங்கள். இந்தப் பாடங்களைப் புதிதாகச் சேர்ந்த கௌரவ விரிவுரையாளர் தலையில் கட்டாமல் துறையின் மூத்த ஆசிரியரிடம் கொடுங்கள். பெற்றோரே, உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் மேஜர் மார்க்கைக் கேட்டுவிட்டு, தமிழில் இன்று என்ன எழுதினாய் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.