மான்ஸ்டைனின் கணக்கில் விடுபட்ட பக்கம்

இரண்டாம் உலகப்போர் பற்றிப் பேச்செடுத்தாலே போதும், யாராவது ஒருவர் எரிக் ஃபான் மான்ஸ்டைனை இழுத்து வந்துவிடுவார். "அவர் வெறும் ராணுவ வீரர் சார், அரசியலுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. ஹிட்லர் மட்டும் தலையிடாமல் இருந்திருந்தால்..." என்று ஒரு பெருமூச்சு வேறு!

திறமைசாலிதான், மறுப்பதற்கில்லை. 1940-ல் ஆறே வாரத்தில் பிரான்சைச் சாய்த்த திட்டத்தின் மூளை அவர். 1942 ஜூலையில் செவஸ்தபோலைப் பிடித்து ஃபீல்டு மார்ஷல் ஆனார். 1943 மார்ச்சில் கார்கிவை மறுபடி பிடித்தார். நைட்ஸ் கிராஸ் பதக்கம், அதன் மேல் ஓக் இலை, அதற்கும் மேல் வாள்கள். இதெல்லாம் வரவு. பற்று எங்கே?

1941 நவம்பர் 20. கிரிமியாவில் 11-வது படையின் தளபதியாக மான்ஸ்டைன் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போடுகிறார். யூத-போல்ஷ்விக் அமைப்பை ஒரேயடியாக ஒழிக்க வேண்டும், யூதர்களுக்குக் கடும் தண்டனை ஏன் அவசியம் என்பதைச் சிப்பாய்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறது அது. இதுவா அரசியல் தெரியாதவர் எழுத்து?

அடுத்த மாதமே சிம்ஃபெரோபோலில் 10,000-க்கும் மேற்பட்ட யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டது ஓட்டோ ஓலண்டார்ஃபின் எஸ்.எஸ். கொலைப்படை. லாரி கொடுத்தது? மான்ஸ்டைனின் 11-வது படை! யூதர்களிடம் பறித்த கைக்கடிகாரங்களைக் கேட்டு வாங்கியதும் அதே படைதான்.

"எல்லாம் ஹிட்லருக்குப் பயந்துதான்" என்பது அடுத்த சால்ஜாப்பு. ஃபீல்டு மார்ஷல்களுக்குச் சம்பளம் போக மாதம் 4,000 ரைஷ்மார்க், அதுவும் வரியில்லாமல், ஹிட்லரிடமிருந்து போய்க்கொண்டிருந்தது. பயந்தவனுக்கு யாராவது மாதாமாதம் பணம் கொடுப்பார்களா?

போர் முடிந்து நியூரம்பெர்க்கில் அந்த உத்தரவை நீட்டியபோது, தனக்கு நினைவே இல்லை என்றார். பல வருடம் முந்தைய போர்களை விவரமாக எழுதியவருக்கு இது மட்டும் மறந்துவிட்டதாம்!

1949-ல் ஹாம்பர்க்கில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் 17 குற்றச்சாட்டுகளில் 9-ல் குற்றவாளி என்றது. யூதப் படுகொலை பற்றிய முக்கியக் குற்றச்சாட்டுகளில் தப்பினார் என்பதும் உண்மை. தண்டனை 18 வருடம், பிறகு 12 ஆனது. 1953-ல் வெளியே வந்துவிட்டார். ஓலண்டார்ஃபை 1951-லேயே தூக்கில் போட்டிருந்தார்கள்.

1955-ல் 'தொலைந்த வெற்றிகள்' என்று நினைவுக்குறிப்பு எழுதினார். சிம்ஃபெரோபோல் படுகொலைக்கு அதில் இடமில்லை. மேற்கு ஜெர்மனி புது ராணுவம் அமைக்க அவரிடமே ஆலோசனை கேட்டது.

அவருடைய போர்த்தந்திரத்தைப் படிக்கட்டும், தவறில்லை. ஆனால் படிக்கிறவர் 1941 டிசம்பரையும் சேர்த்துப் படிக்கட்டும். பற்றை மறைத்து வரவை மட்டும் காட்டினால், வியாபாரத்தில் அதற்குப் பெயர் மோசடி. வரலாற்றில் மட்டும் வேறு பெயரா?