டேட்டிங் ஆப் அக்கவுன்ட் பேன் ஆகிடுச்சா? இந்த 4 தப்புக் கணக்கைப் போடாதீங்க!

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை சோளக்காடு. பலாவும் மிளகும் வந்து இறங்கும் சந்தை ஊர். இப்படியொரு ஊரில் யார் யாரோடு பேசினாலும் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குச் சேதி போய்விடும். சென்னை, கோவையில் டேட்டிங் ஆப் பொழுதுபோக்கு என்றால், சின்ன ஊர்க்காரர்களுக்கு அது ரகசியம். அந்த அக்கவுன்ட் திடீரென 'பேன்' ஆனால் வீட்டில் சொல்ல முடியாது, நண்பர்களிடம் கேட்கவும் கூச்சம். நேராக யூடியூப், டெலிகிராம் பக்கம் போவோம். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்குது!

1. 'புது சிம் போட்டா போதும்!'

போதாது பாஸ். இந்த ஆப்கள் உங்கள் நம்பரை மட்டும் பார்ப்பதில்லை. டிண்டர் இப்போது இந்தியாவிலும் 'ஃபேஸ் செக்' என்ற வீடியோ செல்ஃபி சோதனையைக் கொண்டுவந்திருக்கிறது. ப்ரொஃபைல் போட்டோவில் இருப்பது நீங்கள்தானா, அதே முகம் வேறு அக்கவுன்ட்டிலும் இருக்கிறதா என்று அது பார்க்கும். டிண்டர், ஹிஞ்ச், ஓகேக்யூபிட் மூன்றுமே மேட்ச் குரூப் நிறுவனத்துடையவை. ஒன்றில் விழுந்த தடை மற்றதிலும் விழலாம்.

2. 'நான் எந்தத் தப்பும் பண்ணலையே!'

இருக்கலாம். கோபத்தில் யாராவது பொய்யாக ரிப்போர்ட் அடித்தும் இருக்கலாம். ஆனால், விதிகளை ஒருமுறை படிச்சுப் பாருங்க. 18 வயது நிரம்பாதது, ஒரே அக்கவுன்ட்டை நண்பனோடு பகிர்ந்தது, அடுத்தவர் போட்டோவை வைத்தது எல்லாமே விதிமீறல்தான். பயோவில் 'கொல்லிமலை ஹோம்ஸ்டே புக்கிங்குக்கு அழைக்கவும்' என்று நம்பர் போட்டால், அது உங்களுக்குச் சாதாரணம், ஆப்புக்கு விளம்பரம்.

3. 'அப்பீல் எல்லாம் கண்துடைப்பு!'

நேர்வழி அது ஒன்றுதான். முதலில் ஆப்பிலேயே அப்பீல் செய்யுங்கள். கெஞ்சவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். என்ன நடந்தது என்பதை நாலு வரியில் எழுதினால் போதும். அதில் சரியாகவில்லையா? 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இத்தகைய நிறுவனங்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 24 மணி நேரத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். அவர் முடிவிலும் திருப்தி இல்லையென்றால், 30 நாள்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023-லிருந்து செயல்படும் இந்தக் குழுவிடம் எல்லாமே ஆன்லைன்தான். நாமக்கல் வரைகூட இறங்க வேண்டாம். அக்கவுன்ட் கட்டாயம் திரும்பக் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால், உங்கள் தரப்பைச் சொல்ல இடம் இருக்கிறது.

4. 'காசு கொடுத்தா எடுத்துத் தர ஆள் இருக்கு!'

நாலில் ஆபத்தானது இதுதான். நிறுவனத்தின் தடையை வெளியாள் யாரும் நீக்க முடியாது. 'ரெக்கவரி ஏஜென்ட்' முதலில் யு.பி.ஐ-யில் சின்னத் தொகை கேட்பார். அடுத்து ஓ.டி.பி, ஆதார் போட்டோ, செல்ஃபி வீடியோ. கடைசியில் உங்கள் சாட், போட்டோ, முகவரி எல்லாம் அவர் கையில். 'வீட்டுக்கு அனுப்பட்டுமா?' என்று ஒரு மெசேஜ் வந்தால் முடிந்தது. அவர் விற்பது அக்கவுன்ட்டை அல்ல, உங்கள் பயத்தை. ஊர் எவ்வளவு சின்னதோ, அந்தப் பயத்துக்கு அவ்வளவு விலை!

மாட்டிக்கிட்டா என்ன செய்யலாம்?

மேற்கொண்டு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீங்க. ஒருமுறை கொடுத்தால் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். சாட்டை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் தரலாம். நம்பிக்கையான ஒரே ஓர் ஆளிடம், அக்காவோ நண்பனோ, விஷயத்தைச் சொல்லிடுங்க. வீட்டில் ஒருவருக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டால், மிரட்டலுக்குப் பாதி பலம் போய்விடும்.

இன்னொன்று, அக்கவுன்ட் போனாலும் பிளே ஸ்டோரில் போட்ட சந்தா தானாக நிற்காது. அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும்.

அப்பீலுக்குப் பிறகும் அக்கவுன்ட் வரவில்லையென்றால், போகட்டும் விடுங்க. ஆதாரும் நிம்மதியும் உங்களிடமே இருக்கட்டும்!